சதவீதம் எழுதாத கட்டம்

வீடு பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக ஜன்னல் பக்கம் போய் நிற்பார்கள், சமையலறையில் ஒரு பெருமூச்சு விடுவார்கள், "வெளிச்சம் நல்லா வருது" என்பார்கள். எங்கள் ஏஜென்ட் அக்கா நேரே கழிவறைக்குப் போவார். வீட்டில் எத்தனை கழிவறையோ அத்தனையிலும் ஆள் நிறுத்துவார். மாடியில் என் மனைவி, கீழே நான், நடுவில் அவர். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று படிக்கட்டுப் பக்கமிருந்து குரல் வரும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் பண்ண வேண்டும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவர் சமையலறைக்கு ஓடி, தொட்டியின் ஓட்டையில் காதை வைத்துக் கேட்பார். விற்கிறவரின் ஏஜென்ட் கோட்டும் டையுமாக வாசலில் நின்று, தான் படித்த படிப்புக்கு இதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று மேலே பார்ப்பார்.

"கொளகொளங்குது. குழாய்ல வேர் ஏறியிருக்கு. வேணாம்," என்று சொல்லிவிட்டு அக்கா காரை நோக்கி நடப்பார்.

இந்த வெளிநாட்டு ஊரில் நம் தமிழ் ஆட்கள் அவரை ஃப்ளஷ் அக்கா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அக்கா. முதுகுக்குப் பின்னால் ஃப்ளஷ் அக்கா. ஐம்பத்திரண்டு வயது. குட்டையான உருவம், தோளில் எந்நேரமும் ஒரு பெரிய பை. அதற்குள் டார்ச், அளவு நாடா, பழைய செருப்பு ஒரு ஜோடி, எலிப் புழுக்கையைக் காகிதத்தில் மடித்து எடுத்து வர ஒரு சிறிய கரண்டி. இந்தக் கடைசிப் பொருளைப் பற்றி நான் கேட்டிருக்கக் கூடாது.

அடுத்தவர் வீட்டில் அவருக்குக் கூச்சம் என்பதே கிடையாது. பீரோவைத் திறப்பார். படுக்கையைத் தூக்கிப் பார்ப்பார். விற்கிற தம்பதியிடம், "ஏன் விக்கிறீங்க, சண்டையா?" என்று கேட்பார். ஆமாம் என்றால் விலையில் நூற்றுக்கு மூன்று குறையும் என்று எங்களிடம் காரில் சொல்வார். சண்டைக்காரர்களுக்கு அவசரம். சண்டை இல்லாதவர்கள் சுவர்க் கடிகாரத்துக்குக்கூட விலை வைப்பார்கள்.

இப்படிப்பட்டவர் இந்தத் தொழிலுக்கு வந்த கதை ஒரு கம்பளிக் கோட்டில் ஆரம்பிக்கிறது.

ஒன்பது வருஷம் அவர் ஒரு சலவைக் கடையில் கவுண்டரில் நின்றவர். மனிதர்கள் கொண்டுவந்து போடும் துணியை முகர்ந்தே வீட்டை ஊகிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. சமையலறைக்குக் கதவு இல்லாத வீடு, நாயைக் கட்டிலில் படுக்க விடும் வீடு, புருஷன் ரகசியமாகப் புகைபிடிக்கும் வீடு. ஒருநாள் ஒரு மனிதர் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா அதை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "சார், உங்க அலமாரிக்குப் பின்னாடி செவுரு ஈரமா இருக்கு. இதை வெளுக்கிறது வீண் செலவு," என்றார். அந்த மனிதர் முறைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அலமாரியை நகர்த்தியதும் சுவர்ப் பூச்சில் பாதி கையோடு வந்துவிட்டதாம். அவர் ஒரு வீட்டு ஏஜென்சியின் முதலாளி. சொந்த வீட்டிலேயே ஏமாந்தவர்.

"நீங்க பரீட்சை எழுதுங்கம்மா. லைசென்ஸ் வாங்குங்க. நான் ஒரு மேசை தர்றேன்," என்றார் அவர்.

இரண்டாவது முயற்சியில் அக்கா தேறினார். இதுவரை எல்லாம் சரி.

சரியில்லாத விஷயம் ஒன்று உண்டு. அது சலவைக் கடைக்கும் முந்தியது. அக்காவுக்குத் தன் கூலியை வாய்விட்டுக் கேட்க வராது. அந்தக் கடைக்கு முன் அவர் வீட்டிலேயே கணக்கு டியூஷன் நடத்தியிருக்கிறார். பதினொரு பிள்ளைகள் படித்தார்கள். நாலு பேர் பணம் கொடுத்தார்கள். மற்ற ஏழு அம்மாக்களும் வாசலில் நின்று, "இந்த மாசம் கொஞ்சம் டைட்டு," என்பார்கள். அக்கா, "அதனால என்ன," என்பார். பிறகு தையல். "எவ்வளவுக்கா?" என்று கேட்டால், "பாத்துக் குடுங்க." எல்லாரும் பார்த்தார்கள். கொடுப்பது என்று வந்தபோது அவ்வளவு கூர்மையாகப் பார்க்கவில்லை. சலவைக் கடை அவருக்கு ஒத்துப்போனதற்குக் காரணமே அங்கே விலைப்பட்டியல் சுவரில் மாட்டியிருந்ததுதான். விரலை நீட்டினால் போதும்.

"அந்த ஒம்பது வருஷம்தான் நான் சம்பளம்னு ஒண்ணை முழுசா கண்ணுல பாத்தேன்," என்று ஒருமுறை சொன்னார், இருபத்தி மூன்றாவது வீட்டுக்கும் இருபத்தி நாலாவது வீட்டுக்கும் நடுவில் சிக்னலில் நிற்கும்போது.

இனி அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் வீடு விற்கிறவருக்கு ஒரு ஏஜென்ட், வாங்குகிறவருக்கு ஒரு ஏஜென்ட். முன்பெல்லாம் விற்கிறவர் கொடுக்கும் கமிஷனை இரண்டு ஏஜென்ட்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். வாங்குகிறவர் தன் ஏஜென்ட் தனக்கு இலவசம் என்று நினைத்து மகிழ்ச்சியாக இருப்பார். அந்தப் பணமும் வீட்டு விலைக்குள் ஒளிந்துகொண்டு அவர் தலையில்தான் விழும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத செலவு வலிக்காது. இப்போது அப்படியில்லை. முதல் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே வாங்குகிறவர் தன் ஏஜென்டோடு நாலு பக்க ஒப்பந்தம் போட வேண்டும். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம். வாங்கும் விலையில் இத்தனை சதவீதம் ஏஜென்டின் கட்டணம் என்று அதில் எழுத வேண்டும். விற்கிறவர் அதை ஏற்றுக்கொண்டால் நல்லது. ஏற்றுக்கொள்ளாவிட்டால் வாங்குகிறவர் கைக்காசு.

எனக்குப் படிவம் என்றாலே பயம். வேற்று நாட்டில் குடியிருப்பவனுக்கு எந்தக் காகிதத்தில் எந்த வரி எப்போது எழுந்து நின்று கடிக்கும் என்று தெரியாது. ஆகவே எதையும் இரண்டு முறை படிப்பேன், ஒரு முறை அந்த மொழியில், ஒரு முறை மனதுக்குள் தமிழில். அன்றைக்கும் அக்கா எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தத்தைப் பரப்பி வைத்தபோது முதல் இரண்டு பக்கங்களை அப்படித்தான் படித்தேன். மூன்றாம் பக்கம் வந்தது. கட்டம் வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்தார்.

"இது வந்து..." என்றேன்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்," என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. உண்மையைச் சொல்கிறேன். நம் ஆட்களுக்குள், அதுவும் அக்கா என்று கூப்பிட்டபின், எத்தனை சதவீதம் என்று முகத்தைப் பார்த்துக் கேட்பது கல்யாண வீட்டில் இலைக் கணக்கு கேட்கிற மாதிரி. நாங்கள் இருவரும் கௌரவமாக ஒரு முட்டாள்தனத்தைச் செய்து, கீழே கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டோம். என் மனைவி அப்போது வேலைக்குப் போயிருந்தாள். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அவள் இருந்திருந்தால் அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்காது. மயக்க மருந்து தெளிவதற்குள் பில்லைக் கையில் கொடுப்பவள் அவள்.

அதன்பின் பதினொரு மாதம், நாற்பத்தோரு வீடுகள்.

விளம்பரங்களை எங்களுக்குப் புரியவைத்தவர் அக்காதான். 'அடக்கமான வீடு' என்றால் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டே படுக்கையைத் தட்டிப் போடலாம். 'இயற்கை சூழ்ந்தது' என்றால் கொசு. 'வசதிக்கேற்ப மாற்றி அமைக்கலாம்' என்றால் கூரையை முதலில் மாற்ற வேண்டும். ஒன்பதாவது வீட்டில் புதிதாக வெள்ளையடித்த சுவரைத் தட்டிப் பார்த்துப் பின்னால் ஈரம் கண்டுபிடித்தார். முப்பதாவது வீடு எங்களுக்குப் பிடித்துப்போய், கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டோம். அக்கா தனியாக ஞாயிற்றுக்கிழமை காலை போய் அந்தத் தெருவில் இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "பக்கத்து வீட்டுல ஒருத்தர் டிரம்ஸ் கத்துக்கறாரு. இப்பதான் ஆரம்பிச்சிருக்காரு," என்றார். பேனாவை மூடினோம்.

பேரம் பேச உட்கார்ந்தால் அவர் வேறு மனுஷி. 'எங்க பார்ட்டி' என்றுதான் எங்களைச் சொல்வார். எங்க பார்ட்டி இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க, எங்க பார்ட்டிக்கு வேற ரெண்டு வீடு கையில இருக்கு. கையில் எங்களுக்கு ஒரு குடையைத் தவிர எதுவும் இருந்ததில்லை. காரில் திரும்பும்போது தொழில் ரகசியமும் சொல்லுவார்: "விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கணும். மனசுக்குள்ள பத்து எண்ணணும். ஏழு வர்றதுக்குள்ள எதிராளி பேசிடுவான். பேசினவன் தோத்தான்."

பத்தாவது மாதக் கடைசியில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட அவர் அலுவலகத்துக்குப் போனேன். அக்கா வெளியே போயிருந்தார். முதலாளி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினார். ஒப்பந்தத்தில் ஏதோ சிக்கலில் மாட்டிக்கொண்டோம் என்றே எனக்குத் தோன்றியது.

"உங்க வீடு எப்ப முடியும்?"

"பாத்துக்கிட்டிருக்கோம் சார்."

"உங்க அக்கா இந்த வருஷம் ரெண்டு வீடு முடிச்சாங்க. ரெண்டுலயும் கட்டம் காலி. ஒரு பார்ட்டி பூச்சாடி குடுத்தாங்க. இன்னொரு பார்ட்டி கட்டிப்புடிச்சு அழுதாங்களாம். கமிஷன்ல பாதி எனக்கு வரணும். நான் பூச்சாடியில பாதி கேக்கல, கட்டிப்புடிச்சதுலயும் பாதி கேக்கல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அடுத்த மாசம் முப்பதாம் தேதி மேசை வாடகையும் லைசென்ஸ் பணமும் கட்டணும். இந்தத் தடவை நான் போட்டுக் கட்டமாட்டேன். ஒரு கமிஷனாவது உள்ள வரணும். இல்லன்னா மேசை வேற ஆளுக்கு. லைசென்ஸ் போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து பரீட்சை. இந்த வயசுல."

"பழைய சலவைக் கடை..." என்று இழுத்தேன்.

"அங்க இப்ப ஆளே கிடையாது. மிஷின்தான். காசைப் போட்டா துணி வருது."

அந்தக் கணத்திலிருந்து என் தூக்கம் இரண்டு பங்காகப் பிரிந்தது. ஒரு பங்கு எங்கள் வீட்டைப் பற்றி, ஒரு பங்கு அக்காவின் மேசையைப் பற்றி. எங்கள் கட்டமும் காலி என்பதை முதலாளியிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் என்று மேசையில் இருந்த மாத்திரைப் பட்டை சொன்னது.

நாற்பத்தி இரண்டாவது வீடு ஒரு ஓய்வுபெற்ற டிரைவிங் மாஸ்டருடையது. விளம்பரத்தில் இல்லை. புல்தரையில் அவரே கையால் எழுதி நட்ட பலகை: விற்பனைக்கு, ஏஜென்ட்கள் மன்னிக்கவும். அக்காதான் வேறு வீட்டுக்குப் போகும் வழியில் அதைப் பார்த்து, வண்டியை ஓரம் கட்டினார். மாஸ்டர் எங்களை உள்ளே விட்டார். அக்காவையும் விட்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. நாங்கள் மூன்று கழிவறையிலும் நின்றோம். ஒன்று, இரண்டு, மூன்று. அக்கா தொட்டியில் காதை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். நிமிர்ந்து, சுவர்களைத் தட்டி, பரணில் ஏறி, இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்குங்க," என்றார்.

பதினொரு மாதத்தில் முதல் தடவை. என் மனைவி அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பேரம் அங்கேயே, சமையலறையிலேயே நடந்தது. மாஸ்டர் நாற்பது வருஷம் பிறர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர். எளிதில் பதறுகிற ஆள் இல்லை. ஆனாலும் அவர் கேட்ட விலையில் அக்கா நூற்றுக்கு ஏழு குறைத்துவிட்டார். வாசல் கதவின் கீல், கொல்லைப்புற வேலி, பக்கத்தில் வரப்போகும் பஸ் நிறுத்தம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு இடத்தில் பத்து எண்ணினார். இரண்டு முறையும் மாஸ்டர்தான் முதலில் பேசினார்.

கடைசியில் மாஸ்டர் சொன்னார்: "சரிம்மா, இந்த விலைக்குச் சரி. ஆனா ஒண்ணு. உங்க கமிஷன்னு என் கையிலேர்ந்து ஒரு பைசா வராது. அதுக்குத்தான் நானே பலகை நட்டேன். அதை உங்க பார்ட்டிகிட்ட வாங்கிக்குங்க."

அக்கா பையைத் திறந்து டார்ச்சை உள்ளே வைத்தார். மூடினார். மறுபடி திறந்து, டார்ச் இருக்கிறதா என்று பார்த்தார்.

"அது நாங்க பாத்துக்கறோம்," என்றார். எங்களைப் பார்க்கவில்லை.

அன்று மாலை மச்சான் போன் பண்ணினார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வேறு ஊரில் இருந்தாலும் எங்கள் வீட்டு விவகாரங்களில் அவருக்கு நிரந்தர இருக்கை உண்டு. ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

"மாப்ளே, கட்டம் காலியா இருக்கேய்யா."

"ஆமா."

"அப்ப ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல. கட்டம் காலின்னா கடன் காலி. ஒரு நல்ல சேலையா எடுத்துக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க."

"பதினோரு மாசம் சுத்தியிருக்காங்க மச்சான்."

"நீ கூப்பிட்டியா, அவங்க வந்தாங்களா? யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். யோசித்ததில் எனக்கே வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொகைக்குப் புது வீட்டுக்கு என்னென்ன வாங்கலாம் என்று ஒரு பட்டியலும் மனதுக்குள் ஓடியது. அதில் ஒரு சோபா இருந்தது.

மறுநாள் வங்கியிலிருந்து கடன் பிரிவு ஊழியர் கூப்பிட்டார். ஏஜென்ட் ஒப்பந்தம் முழுமையாக இல்லை, மூன்றாம் பக்கத்துக் கட்டத்தில் ஒரு எண் இருக்க வேண்டும் அல்லது குறுக்கே ஒரு கோடு இருக்க வேண்டும், காலியாக இருந்தால் கோப்பு நகராது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். கோடு போட்டால் அக்காவின் மேசை காலி. எண் போட்டால் என்ன எண்?

"ரெண்டு குடுக்கலாம்," என்றாள் என் மனைவி. "அதான் ஊர் வழக்கம். விசாரிச்சேன். சோபா அப்புறம் வாங்கிக்கலாம்." நான் சோபாவைப் பற்றி அவளிடம் சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வந்தார். அதே சாப்பாட்டு மேசை, அதே காகிதம். மூன்றாம் பக்கத்தை நடுவில் வைத்தோம். மூன்று பேரும் அதைச் சுற்றி, மூச்சு நின்றவரைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தோம்.

"பேங்க்ல கேக்கறாங்கக்கா. ஏதாவது எழுதணும்," என்றேன்.

"எழுதுங்க."

"எவ்வளவு?"

"நீங்க பாத்துப் போடுங்க."

"இல்லக்கா, நீங்க சொல்லுங்க."

"அட, அதுல என்ன இருக்கு. நீங்களே..." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கழுத்தில் வேர்வை தெரிந்தது. "கோடு வேணா போட்டுருங்களேன். உங்களுக்கும் புது வீடு, எவ்வளவோ செலவு இருக்கும்."

முதலாளி சொன்ன முப்பதாம் தேதி எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பேனா என் கையில் இருந்தது. இரண்டு என்று எழுதிவிட்டால் முடிந்தது. ஆனால் நானாக எழுதினால் அது தர்மம் போட்ட மாதிரி இருக்கும், பூச்சாடிக்குப் பக்கத்தில் வைக்கிற இன்னொரு பூச்சாடி. அவரும் உடனே வேண்டாம் ஒன்று போதும் என்பார், நான் இல்லை இல்லை என்பேன், சட்டை கிழியும்வரை ஒருவரை ஒருவர் உபசரிப்போம்.

என் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அக்கா, எங்க டாக்டருக்கும் காசு கேக்க வராது. பல்லைப் புடுங்கிட்டு ஓடி ரூமுக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு. அதுக்குத்தான் என்னை வச்சிருக்காரு. யாரோட காசையும் யாராவது வேற ஆள்தான் கேக்கணும்."

"அதுக்கு?"

"உங்களுக்கு ஒரு புது பார்ட்டி வந்திருக்காங்க. ஒரு பொம்பளை ஏஜென்ட். பதினோரு மாசம் வேலை பாத்திருக்காங்க, ஒப்பந்தத்துல கட்டம் காலி. நாங்க எதிர்த் தரப்பு. அவங்களுக்காகப் பேசுங்க."

"என்னம்மா விளையாட்டு இது."

"விளையாட்டெல்லாம் இல்ல. எங்க தரப்புல இவர் பேசுவாரு," என்று என்னைக் காட்டினாள். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல வற்றியது. காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். முதுகு நாற்காலியை விட்டு விலகியது. இந்த முதுகை நான் நாற்பத்தி இரண்டு சமையலறைகளில் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"சரி. எதிர்த் தரப்பு என்ன சொல்றீங்க?"

பேரம் என்றால் கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். "ஒண்ணு," என்றேன்.

"ஒண்ணு." அவர் அந்தச் சொல்லை எலிப் புழுக்கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "சார், எங்க பார்ட்டி உங்களுக்கு விலையில ஏழு குறைச்சுக் குடுத்திருக்காங்க. ஏழைக் கொண்டுவந்து போட்டவங்களுக்கு ஒண்ணா?"

"அது வந்து..."

"ஒம்பதாவது வீட்டை வாங்கியிருந்தா இந்நேரம் செவுரு உங்க மடியில கிடக்கும். முப்பதாவது வீட்டை வாங்கியிருந்தா ராத்திரி பகல் டிரம்ஸ். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் எங்க பார்ட்டி கார்ல உக்காந்திருந்தாங்க. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

தூங்கிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

"ஆனா ஒப்பந்தத்துல ஒண்ணும் எழுதலையே," என்றேன், மச்சானின் குரலில். சட்டம் நம் பக்கம் இருக்கும்போது ஒரு தைரியம் வருகிறது.

"எழுதல. அது எங்க பார்ட்டியோட முட்டாள்தனம். அதை நான் மறுக்கல." ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "முட்டாள்தனத்துக்கு நாங்க கூலி கேக்கல சார். வேலைக்குத்தான் கேக்கறோம். வேலையில ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, இப்பவே கழிச்சுக்கலாம்."

குறை ஒன்றும் இல்லை. என் மனைவி கன்னத்தில் கைவைத்து, டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணரை," என்றேன்.

"மூணு."

"அக்கா, ஊர் வழக்கமே ரெண்டுதானே."

"விளம்பரத்துல இருக்குற வீட்டைக் காட்டினா ரெண்டு. பலகை நட்டு ஏஜென்ட் வராதேன்னு எழுதி வச்சிருக்குற வீட்டுக்குள்ள நுழைஞ்சு, அந்த ஆள்கிட்டயே விலையைக் குறைச்சா?" அவர் விரலால் கட்டத்தைத் தட்டினார். "இந்த வீட்டுல எங்க பார்ட்டிக்கு ஒரு பைசா வராதுன்னு வாசல்லயே எழுதியிருந்தது. தெரிஞ்சுதான் உங்களை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. வாங்குங்கன்னு சொன்னாங்க. அப்படி ஒரு ஆளை நீங்க எங்க தேடிப் புடிப்பீங்க?"

நாங்கள் முந்தாநாள் மனதுக்குள் சோபா வாங்கிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு," என்றேன். அதுதான் எங்கள் தொகை. இத்தோடு முடிந்தது, எல்லாருக்கும் நிம்மதி என்று பின்னால் சாய்ந்தேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமாகவும் இல்லை, சிரிப்பும் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் கேட்டது. அவர் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். ஏழுக்குள் பேசினவன் தோற்றான் என்று தெரியும். அந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நானும் எண்ணத் தொடங்கினேன். நாலு வரைக்கும் வந்தேன்.

"ரெண்டே கால்," என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

என் மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"ரெண்டரை. பத்திரப் பதிவு அன்னைக்கே, பதிவு ஆபீஸ்லயே," என்றார் அக்கா. "முப்பதாம் தேதிக்கு முன்னாடி பதிவு வைக்கணும். மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன். அவருக்கும் சீக்கிரம் பணம் வந்தா கசக்காது."

"சரிக்கா," என்றேன். வேறென்ன சொல்ல.

அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, கட்டத்தில் இரண்டரை என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். எண்ணைச் சுற்றி அடைப்புக்குறி போட்டார், யாரும் பக்கத்தில் ஒரு சுழியைச் சேர்த்துவிடாதபடி. எங்களிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். பிறகு தன் கையெழுத்தைப் போட்டார். போட்டு முடித்ததும் முதுகு மறுபடி நாற்காலியில் சாய்ந்தது. முகத்தில் ரத்தம் ஏறியது.

"ரொம்ப ஜாஸ்தியாக் கேட்டுட்டேனோ," என்றார், பழைய குரலில். "ரெண்டாவே மாத்திடலாமா?"

"உங்க பார்ட்டியைக் கேக்காம நீங்க எப்படிக்கா குறைப்பீங்க?" என்றாள் என் மனைவி. காகிதத்தை மடித்து உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டியும் விட்டாள்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கார் கிளம்பும் சத்தம் வரவில்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. அழுகிறாரோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரோ, நாம்தான் ஏதாவது விளையாட்டாகப் பேசிப் புண்படுத்திவிட்டோமோ. மேசையைப் பார்த்தால் அவர் கண்ணாடி கிடந்தது. நல்ல சாக்கு. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

காரின் ஜன்னல் இறங்கியிருந்தது. அக்கா ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையில் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்து, தெருவுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், பூச்சாடி இல்ல. ரெண்டரை... ஆமா, ரெண்டு இல்ல, ரெண்டரை... அவங்களாக் குடுக்கல சார்," என்றார். என்னைப் பார்த்துவிட்டார். பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை. மூக்குக் கண்ணாடிக்காகக் கையை மட்டும் வெளியே நீட்டினார். "நான்தான் கேட்டேன்."